வாலில்லாத ஓநாய்

வலது கையில் மூன்று விரல்களை ஒடித்தாயிற்று. பந்தோபஸ்துக்குப் போயிருக்கும் இன்ஸ்பெக்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புவார். திரும்பினால் இடது கை.

இதைச் சொன்ன பெண் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற அந்த ஒற்றை அறை ஆபீசில், கால் ஆடுகிற நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பைக்குள் ரத்தம் காய்ந்த ஒரு சட்டை. லாக்கப்பில் மாற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டு இதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"அவருக்குக் கைதாங்க சோறு போடுது," என்றாள். "சினிமா மேக்கப்காரர். ஒவ்வொரு மயிரா இடுக்கியில எடுத்து ஒட்டணும். ரெண்டு கையும் போயிட்டா அப்புறம் அவரை விட்டாலும் ஒண்ணுதான், விடலைன்னாலும் ஒண்ணுதான்."

பக்கத்தில் நின்ற மச்சான் வாய்வரை வந்த ஜோக்கை விழுங்கிக்கொண்டான். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் அப்படி நடக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரை ஊரில் எல்லோரும் ஊசி என்பார்கள். உடம்பும் அப்படி, கேட்கிற கேள்வியும் அப்படி. மச்சானுக்கு மட்டும் அவர் அத்தான், அக்காவைக் கட்டியவர். 'உருப்படாத என் தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்க' என்று அக்கா ஒரு நாள் கேட்டதன் பலன், எட்டு வருஷம் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் இப்போது துப்பறிகிறான். சம்பளம் அதேதான், அடி மட்டும் கூடுதல்.

செத்தவரைப் படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சினிமா விமர்சகர். எந்தப் படத்துக்கும் ஐந்துக்கு அரை மார்க்குக்கு மேல் போட்டதில்லை என்பதால் அரை மார்க் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. அவர் கடைசியாகப் பார்த்த படம் 'ஓநாய் மாளிகை'. அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தைப் புதிதாக எடுத்திருந்தார்கள். இடிந்த மாளிகை, பனிமூட்டம், முழுநிலா, அப்பன் செய்த பாவத்துக்கு ஓநாயாகிற பிள்ளை. வியாழக்கிழமை மத்தியானம் விமர்சகர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அன்று மாலை சரியாக ஆறு மணிக்கு அரை மார்க்கின் கம்ப்யூட்டரிலிருந்து விமர்சனம் பத்திரிகைக்குப் போனது. ஏழு மணிக்கு அதைப் போனில் படித்த மேக்கப்காரர், சங்க ஆபீசில் முப்பது பேர் முன்னால் 'அந்தாள் குரல்வளையைக் கிழிக்கிறேன்' என்று கத்திவிட்டு வெளியேறினார். வெள்ளிக்கிழமை காலை அரை மார்க் தன் அறையில் குரல்வளை கிழிந்து கிடந்தார். பக்கத்தில், படத்தில் ஓநாய் மாட்டிக்கொள்கிற இரும்பு நகக் கையுறை ஒன்று. செய்தவர் மேக்கப்காரர். கையுறையைத்தான் சொல்கிறேன், போலீஸ் அந்த வாக்கியத்தைப் பாதியோடு நிறுத்திக்கொண்டது.

"உங்க வீட்டுக்காரர் ஏன் அப்படிக் கத்தினாரு?" என்று கேட்டார் ஊசி.

"கத்தாம என்ன பண்ணுவாரு சார். ஓநாய் வேஷம் போட தினமும் அஞ்சு மணி நேரம், இருபத்திரண்டு நாள். நடிக்கிறவரு நடுவுல உக்கார முடியாதுன்னு வால்கூட வைக்கல. அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ணினாரு. கடைசியில டைரக்டர் அது மொத்தத்தையும் தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல ஒரு ஓநாயைப் பண்ணி வெச்சுட்டாராம். பண்ணாத ஓநாய்க்கு இவர் திட்டு வாங்கினா?"

"திட்டைப் படி மச்சான்."

மச்சான் போனை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். "'இந்த ஓநாய் மழையில் நனைந்த தெருநாய். மேக்கப்காரர் மயிரைக் கையால் ஒட்டினாரா, காலால் ஒட்டினாரா? கதாநாயகன் கடிபடுவதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி விழிக்கிறார். இசை ஓநாயைவிட மோசமாகக் கடிக்கிறது. படத்தில் உயிருள்ளது ஒன்றே ஒன்று. மாளிகை மாடத்தில் நிலா ஏற ஏற, மெல்ல மெல்ல உயர்கிற ஓநாயின் வால். அது கவிதை. அரை மார்க்.' அவ்வளவுதான் அத்தான். மனுஷன் வாலுக்கு அரை மார்க் போட்டுட்டுச் செத்துட்டாரு."

"மத்த விமர்சகர்கள்?"

"அது இன்னும் கூத்து. 'கதை சவசவ, ஓநாய் அபாரம்.' 'மேக்கப் குலைநடுங்க வைக்கிறது.' ஒம்பது பேரும் ஓநாயைத் தலைமேல தூக்கி வெச்சு ஆடுறானுங்க. ஆனா தியேட்டர்ல ஓநாய் வந்தாலே ஜனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குதாம். நேத்து பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துட்டு வந்து வால் மாதிரி ஆடிக் காட்டினான்."

ஊசி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால். எழுந்து செருப்பை மாட்டினார். அந்தப் பெண் சட்டை இருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு, கைகூப்பவும் தோன்றாமல் நின்றாள்.

அரை மார்க்கின் அறை முதல் மாடியில், தெருவைப் பார்த்தபடி இருந்தது. காவலுக்கு நின்ற ஏட்டு, மச்சான் ஒரு காலத்தில் ஓசியில் படம் பார்க்கவிட்ட நன்றிக்காகக் கதவைத் திறந்தார். உடலை எடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ரத்தம் வீசியடித்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில், மேசையில், தண்ணீர் டம்ளரில், மூக்குக்கண்ணாடிக் கூட்டில் எல்லாம் ரத்தம். தரையில் நாற்காலியிலிருந்து கதவுவரை இழுத்த தடம். கழுத்தைப் பொத்திக்கொண்டே மனுஷன் வாசல்வரை தவழ்ந்திருக்கிறார். கதவின் அடிப்பாகத்தில் நகத்தால் பிறாண்டின கோடுகள் தெரிந்தன. அரை மணி நேரமாவது உயிர் ஊசலாடியிருக்கும் என்று ஏட்டு சொன்னார். கேட்டதும் மச்சானுக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம், அதனால் இன்னும் அதிகமாக வந்தது.

"இங்க எது சுத்தமா இருக்கு, சொல்லு," என்றார் ஊசி.

"உங்க மனசாட்சியா?"

"கீபோர்டு."

மச்சான் குனிந்து பார்த்தான். மேசை முழுக்க ரத்தம் தெறித்திருக்க, கீபோர்டு மட்டும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது.

"விமர்சனத்தை அனுப்பிட்டுச் செத்திருந்தா கீபோர்டுமேலயும் ரத்தம் இருக்கணும்," என்று மெதுவாகச் சொன்னான் மச்சான். "அப்போ... செத்த பிறகு எவனோ தொடைச்சுட்டு..."

"தொடைச்சுட்டு டைப் அடிச்சிருக்கான். பெரியவர் அந்தக் கதவுகிட்ட தவழ்ந்துக்கிட்டிருக்கும்போது இவன் இங்க உக்காந்து விமர்சனம் எழுதியிருக்கான்."

பிறகு ஊசி அலமாரியிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை இழுத்தார். இருபது வருஷத்து விமர்சனங்களைக் கத்தரித்து ஒட்டியிருந்தார் அரை மார்க். ஊசி பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றிலும் முதல் வரியை மட்டும் படித்தார்.

"'இந்த டைரக்டர் கையில் கேமராவைக் கொடுத்தது யார்? தீப்பெட்டியைக் கொடுத்திருந்தால் கொஞ்சம் வெளிச்சமாவது வந்திருக்கும்.' இது போன மாசம். 'டைரக்டர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது; நானும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.' இது போன வருஷம். 'படம் முடிந்த பிறகும் டைரக்டர் தன் பெயரைப் போடுகிறார். துணிச்சல்காரர்.'"

"வாய்க்கொழுப்பு பிடிச்ச மனுஷன். இருந்திருந்தா நம்ம அக்காவுக்கு நல்ல ஜோடி."

ஊசி சிரிக்கவில்லை. நோட்டை மூடி, அதன் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். அத்தான் அப்படித் தட்டினால் எதுவோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார். அக்காளிடமும் அப்படித்தானாம், கல்யாணமான நாளிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

படியிறங்கும்போது இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார் ஊசி. கீபோர்டைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"ஆறு மணிக்கு வாக்குமூலம் ரெடி. சாட்சிக் கையெழுத்து போட வாங்க."

"ஒடிஞ்ச கையால அவர் எப்படிக் கையெழுத்து போடுவாரு?"

"பெருவிரல் போதும். அதை விட்டு வெச்சிருக்கேன்."

மூன்று மணிக்குத் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மச்சான் எட்டு வருஷம் டிக்கெட் கிழித்த அதே தியேட்டர். வியாழக்கிழமை விமர்சகர்களுக்குப் போட்டுக் காட்டியதும் இங்கேதான். மேட்னி ஓடிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் அறைக்குப் போகிற இரும்புப் படியில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினான். கீழேயிருந்து குபீர் குபீரென்று சிரிப்புச் சத்தம் வந்தது.

"வாடா டிக்கெட்டு," என்றார் ஆபரேட்டர். அறுபது வயசு, வெயில் படாத மனுஷன். "பார்த்தியா கொடுமையை. பேய்ப்படத்துக்கு வந்த கூட்டம் சர்க்கஸ் பார்க்கிற மாதிரி சிரிக்குது."

"வியாழக்கிழமை விமர்சகர்கள் சிரிச்சாங்களாண்ணே?"

ஆபரேட்டர் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் தேவையே இல்லாத இடத்தைத் துடைத்தார். ஊசி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஒருத்தர் கை போகப்போகுது," என்றார்.

"எங்கிட்ட கேட்டா சொல்லியிருப்பேன்," என்றார் ஆபரேட்டர் கடைசியில். "யாரும் கேக்கல. அன்னிக்குப் புதுக் காப்பி வந்துச்சு, திறக்கறதுக்குப் பாஸ்வேர்டு வரல. போன் மேல போன் போட்டேன், யாரும் எடுக்கல. ஷோ டைம் ஆயிடுச்சு. சத்தம் சரிபார்க்கறதுக்குன்னு முந்தின வாரம் ஒரு பழைய காப்பி குடுத்திருந்தாங்க. அதைப் போட்டுட்டேன்."

"எந்த ஓநாய் இருந்தது அதுல?"

"மேக்கப்காரர் ஓநாய்தான். என்ன ஓநாய்ங்க அது. முப்பது வருஷமா இந்த ஓட்டை வழியா படம் பார்க்கிறேன், அன்னிக்கு நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன்."

"வால் இருந்ததா?"

"வாலா? வால் ஏது. அது இந்தப் புதுக் காப்பியிலதானே வருது."

மச்சானுக்கு உச்சந்தலையில் யாரோ குட்டினது போல இருந்தது. கூடத்தில் இருந்த பத்து பேரும் பார்க்காத வாலுக்கு அரை மார்க் கவிதை பாடியிருக்கிறார். அதாவது, பாடியது அவரில்லை. வாலைப் பார்த்தவன், ஆனால் வியாழக்கிழமை கூடத்துக்குள் இல்லாதவன்.

"டைரக்டர் வரலையாண்ணே அன்னிக்கு?"

"விமர்சகர்களுக்குப் போட்டா அவர் உள்ள வரமாட்டாரு. ராசி இல்லையாம். கார்லயே உக்காந்திருந்தாரு." ஆபரேட்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. படம் முடிஞ்சதும் அரை மார்க் இந்த ஓட்டையைப் பார்த்து எனக்கு விரல் காட்டுவாரு. எப்பவும் ஒரே விரல், அதையும் பாதியா மடக்கி. அரை மார்க்குன்னு அர்த்தம். இருபது வருஷமா அதுதான். அன்னிக்கு எழுந்து நின்னு, கையைத் தூக்கி, அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டினாரு. நான் டாட்டா காட்டுறாருன்னு நெனச்சு நானும் டாட்டா காட்டினேன்." அவர் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். "அஞ்சு மார்க்குங்க. எனக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் புரிஞ்சது. கடைசியா டாட்டாவும் ஆயிடுச்சு."

ஊசி ஆபரேட்டரின் ஓட்டை வழியாகப் பார்த்தார். பால்கனி நாற்காலிகள் பழுது என்று மூடி வைத்திருந்தார்கள். பாதி நாற்காலிக்குப் பலகை கழன்று தொங்கியது. ஆனால் கடைசி வரிசையில், நடுநாயகமாக, ஒரு தலை தெரிந்தது.

"நேத்துலேர்ந்து எல்லா ஷோவுக்கும் வர்றாரு," என்றார் ஆபரேட்டர். "ஜனம் எங்க அலறுதுன்னு கேக்கணுமாம். இன்னும் ஒருத்தர்கூட அலறல."

அரை மார்க் செத்த செய்தி வந்ததும் டைரக்டர் டிவியில் கைக்குட்டை நனைய அழுததை மச்சான் பார்த்திருந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அப்போது அவனுக்கும் கண் கலங்கியது. இப்போது நினைத்துப் பார்த்தால் அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஆனா அத்தான், வாலைப் பார்த்தவங்க இன்னும் நாலு பேர் இருப்பாங்களே. எடிட்டர், கம்ப்யூட்டர்ல ஓநாய் பண்ணினவன்..."

"நீ படிச்ச விமர்சனத்துல யாரையெல்லாம் திட்டியிருக்கு?"

"மேக்கப்காரரை, ஹீரோவை, மியூசிக்கை..." மச்சான் நிறுத்தினான். இருபது வருஷத்து நோட்டு கண்முன் புரண்டது. முதல் வரி, முதல் வரி, முதல் வரி. "டைரக்டரைத் திட்டவே இல்ல."

"கழுத்தறுத்துட்டு, பழி மேக்கப்காரர்மேல விழட்டும்னு உக்காந்து எழுதறான். தன் படத்துக்கே அரை மார்க் போட்டுக்கிறான். ஆனா தன்னைப் பத்தி ஒரு வரி தப்பா எழுத அவனுக்குக் கை வரல. போதாததுக்குத் தன் வாலைத் தானே மெச்சிக்கிட்டான். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?"

ஊசி ஆபரேட்டரிடம் போலீசுக்குப் போன் போடச் சொல்லிவிட்டுப் பால்கனிக் கதவைத் தள்ளினார். டைரக்டருக்கு வலப்பக்கம் அவர் உட்கார்ந்தார், இடப்பக்கம் மச்சான். டைரக்டர் திரும்பவில்லை. நல்ல உயரம், நல்ல சட்டை, மடியில் ஒரு தோல் பை. அவர் தலைக்கு மேலே ஒரு முழம் விட்டு, படத்தின் வெளிச்சம் திரைக்குப் போய்க்கொண்டிருந்தது. திரையில் மாளிகை மாடத்தில் நிலா ஏறியது. ஓநாயின் வால் உயர்ந்தது. கீழே யாரோ விசிலடித்தான்; ஒரு குழந்தை "இன்னும் இன்னும்" என்று கத்தியது; தியேட்டரே சிரித்தது.

"இவங்களுக்குப் புரியல," என்றார் டைரக்டர், திரையைப் பார்த்தபடியே. "விமர்சகர்களுக்குப் புரிஞ்சது. ஒம்பது பேர். ஓநாய் அபாரம்னு எழுதியிருக்காங்க. படிச்சீங்களா?"

"படிச்சோம்," என்றார் ஊசி. "அவங்க பார்த்தது உங்க ஓநாயை இல்ல."

டைரக்டர் மெல்லத் திரும்பினார்.

"பாஸ்வேர்டு வரல. பழைய காப்பியைத்தான் ஓட்டினாங்க. மேக்கப்காரர் கையால ஒட்டின ஓநாய். வால் இல்லாதது. ஒம்பது பேர் புகழ்ந்தது அதை. அரை மார்க் அஞ்சு மார்க் போட்டதும் அதுக்குத்தான்."

திரை வெளிச்சத்தில் டைரக்டரின் முகம் வெளுத்துக் கறுத்தது. உதடு மட்டும் அசைந்தது. "இல்ல. அந்தக் கிழவன் என் ஓநாயைப் பார்த்துட்டுதான்..." என்று ஆரம்பித்தார். "நான் பரிசு கொண்டுபோனேன். என் கையெழுத்துப் போட்டு, பெட்டியில வெச்சு, நகக் கையுறை ஒரு ஜோடி. என் மூஞ்சியப் பார்த்தே சொன்னான். 'உனக்கு அரை மார்க்தான்யா, ஆனா அந்த மேக்கப்காரன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்'னு. ஆறு மாசம் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து நான் பண்ணின ஓநாய்க்கு அவன் கையையா? என் ஓநாய்க்கு?"

"அவர் சரியாத்தான் சொன்னாரு," என்றார் ஊசி. "நீங்கதான் தப்பா கேட்டுட்டு அவரைக் கிழிச்சிட்டீங்க."

தோல் பை திறந்ததை மச்சான் பார்க்கவில்லை. இரும்பு மின்னியதைத்தான் பார்த்தான். ஜோடியில் மிச்சமிருந்த நகக் கையுறை ஊசியின் தோளில் இறங்கி மார்புவரை இழுத்துக்கொண்டு வந்தது. சட்டையும் சதையும் சேர்ந்து கிழிகிற சத்தம் கேட்டது. ஊசி சத்தமே போடாமல் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் சரிந்தார். மச்சான் பாய்ந்தான். முழங்கை அவன் மூக்கில் விழுந்தது, மூக்கு உள்ளே போன உணர்வு, வாயெல்லாம் உப்பு. மறுபடியும் பிடித்தான். இரும்பு நகம் அவன் காதை உரசிக்கொண்டு போயிற்று. உரசியது என்றுதான் நினைத்தான்; கழுத்தில் சூடாக ஏதோ ஊற்றின பிறகுதான் காதில் பாதி தொங்குகிறது என்று தெரிந்தது. டைரக்டரின் உதை வயிற்றில் விழுந்ததும் மச்சான் முன்வரிசைமேல் மல்லாந்து விழுந்தான். முதுகுக்கடியில் ஒரு நாற்காலி முறிந்தது.

டைரக்டர் நாற்காலிமேல் ஏறி நின்றார். கீழே கிடக்கும் ஊசியின் கழுத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினார். உயர்ந்த கை வெளிச்சத்துக்குள் போயிற்று.

திரையில், கம்ப்யூட்டர் ஓநாயின் மேல், இன்னொன்று விழுந்தது. கறுப்பாக, விளிம்பு கலங்கி, சுவர் அகலத்துக்கு ஒரு கை. வளைந்த நாலு நகம். அது நடுங்கியது, நிஜமாகவே நடுங்கியது.

சிரிப்பு நின்றது. பிறகு கீழே ஒரு பெண் அலறினாள். அந்த அலறல் வரிசைக்கு வரிசை பற்றிக்கொண்டு, குழந்தைகள் அழ, நாற்காலிகள் படபடவென்று மடங்க, கூடம் முழுக்க அலறியது.

டைரக்டர் நிமிர்ந்தார். கொல்ல வந்த கையை அப்படியே மேலே வைத்துக்கொண்டு, திரையின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை மச்சான் சாகிறவரை மறக்கப்போவதில்லை. பிள்ளை பாஸான செய்தி கேட்ட அப்பனுக்குத்தான் அப்படி ஒரு முகம் வரும்.

"அலறுறாங்க," என்றார் டைரக்டர்.

மச்சானின் கையில் முறிந்த நாற்காலியின் பலகை இருந்தது. அதை டைரக்டரின் முழங்காலில் இறக்கினான். எலும்பு விட்டுக்கொடுத்தது. டைரக்டர் மடங்கி விழும்போது வாயில் இன்னொன்று, பல் தெறித்தது. விழுந்த பிறகும் அந்தக் கை ஊசியின் பக்கம் ஊர்ந்தது. மச்சான் கையுறைமேல் ஏறி நின்று முழுப் பாரத்தையும் போட்டான். அக்கா எத்தனையோ தடவை குறைக்கச் சொன்ன பாரம். இரும்புக்குள் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. மூன்றா நாலா என்று அவன் எண்ணவில்லை.

"அத்தான், உயிரோட இருக்கீங்களா?"

"மணி என்ன?" என்றார் கீழேயிருந்து ஊசி.

"நாலே முக்கால்."

"அப்போ நீ ஓடு. நான் இருக்கேன்."

"இந்த நிலைமையில உங்களை விட்டுட்டுப் போனா அக்கா என் மிச்சக் காதையும் அறுத்துடுவா."

"ஓடுடா."

ஆபரேட்டரும், போன் கேட்டு வந்த போலீஸ்காரர் ஒருவரும் டைரக்டரைப் பிடித்துக்கொள்ள, மச்சான் தோல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பைக்குள் பரிசுப் பெட்டி இருந்தது. பெட்டியில் டைரக்டரின் கையெழுத்திட்ட அட்டை. 'விமர்சனப் பெருந்தகைக்கு, அன்புடன்' என்று எழுதியிருந்தது. அட்டையின் ஓரத்தில் காய்ந்த ரத்தம் ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஒட்டியிருந்தது.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறாக ஏழு நிமிஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் எழுதி முடித்த வாக்குமூலமும் மைப்பெட்டியும் தயாராக இருந்தன. காதைத் துண்டால் கட்டிக்கொண்டு, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்புவரை ரத்தமாக வந்து நின்றவனைப் பார்த்து எழுந்துவிட்டார்.

மச்சான் பெட்டியைத் திறந்து வாக்குமூலத்தின்மேல் வைத்தான். "கொன்னவன் பேரு அட்டையிலயே இருக்கு. கையெழுத்தும் அவனே போட்டுட்டான். உங்களுக்கு விரல் ஒடிக்கிற வேலை மிச்சம்."

இன்ஸ்பெக்டர் அட்டையைப் படித்தார். தியேட்டரிலிருந்து போன் வந்தது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். கேட்டு முடித்தபோது மடித்த சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த ஆளிடம் யாரும் அதை எதிர்பார்க்கவுமில்லை.

லாக்கப் மூலையில் மேக்கப்காரர் சுவரில் சாய்ந்திருந்தார். வலது கையை ஒரு துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டதும் அவர் உடம்பு தன்னால் சுவருக்குள் ஒடுங்கியது.

"நான் போலீஸ் இல்லண்ணே," என்றான் மச்சான். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். "விமர்சகர்கள் பார்த்தது உங்க ஓநாயைத்தான். ஆபரேட்டர் காப்பியை மாத்திப் போட்டுட்டாரு. ஒம்பது பேர் எழுதியிருக்காங்க. அரை மார்க் அந்தத் திட்டை எழுதவே இல்ல. செத்த பிறகு வேற ஒருத்தன் எழுதினது."

மேக்கப்காரர் வெறித்துப் பார்த்தார். வீங்கின உதடு பிரிந்தது. "அவரு... ஓநாயைப் பார்த்தாரா?"

"பார்த்தாரு. எழுந்து நின்னு மார்க்கும் போட்டாரு."

"அரையா?"

மச்சான் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

மேக்கப்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து இடது கையை எடுத்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, மெதுவாக விரித்தார். ஐந்தும் இருந்தது.